டிமென்ஷியா மருந்துச் சோதனைகளில் பூர்வகுடி முதியோர் ஏன் இல்லை, அவர்கள் வர என்ன மாற வேண்டும்

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் பூர்வகுடி மக்களிடையே டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் மற்றவர்களைவிட அதிகம் என்று சொல்லப்படும்போது, அந்த நோய்க்கான மருந்துச் சோதனைகளில் அவர்கள் ஏறத்தாழ இல்லாமலே போவது ஏன் என்பது முதலாவது. அவர்கள் மொழியில் துண்டறிக்கை அச்சிட்டு, போக்குவரத்துச் செலவைக் கொடுத்து, உள்ளூர்க்காரர் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டால் இந்தக் குறை தீர்ந்துவிடாதா என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அவை மூன்றும் வேண்டும், ஆனால் அவை போதா. சோதனையில் எதை ஆராய்வது, நினைவாற்றலை எந்தக் கருவியால் அளப்பது, யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது, எடுத்த ரத்தம் யார் பொறுப்பில் இருப்பது என்பவை எல்லாம் எங்கோ ஒரு நகரத்தில் முடிவான பிறகு, கடைசியாகத்தான் பூர்வகுடி மக்களின் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. இந்த வரிசை மாறிய இடங்களில் அவர்கள் நூற்றுக்கணக்கில் முன்வந்திருக்கிறார்கள். எனவே வரிசையைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன்.

பூர்வகுடி என்ற ஒரே சொல்லுக்குள் ஒருவரோடு ஒருவர் தொடர்பே இல்லாத பல நூறு மக்கள் அடங்குகிறார்கள் என்பதால், தெளிவான சான்று கிடைத்திருக்கும் ஓரிடத்திலிருந்து தொடங்குவது நல்லது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள கிம்பர்லி வட்டாரம், தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமான பரப்புடையது. மக்கள் தொகையோ நம் ஊர் நகராட்சி ஒன்றின் அளவுதான். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிக் குழுக்கள் அங்கே வாழ்கின்றன. 2008-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, 45 வயதும் அதற்கு மேலும் ஆன 363 அபொரிஜினல் மக்களை, அதாவது ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களை, அவரவர் வாழும் ஊர்களுக்கே சென்று பரிசோதித்தார்கள். 12.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருந்தது. ஆஸ்திரேலியப் பொது மக்களில் அதே வயதினரிடையே அந்த அளவு 2.4 விழுக்காடு. இது தொலைதூரச் சிற்றூர்களின் சிக்கல் என்று எண்ணியவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் நியூ சவுத் வேல்ஸ் பதில் சொன்னது. சிட்னி நகர்ப்புறத்திலும் அம்மாநிலத்தின் வடகரையிலும் உள்ள ஐந்து சமூகங்களில், 60 வயதைத் தாண்டிய 336 பேரிடம் டோனி புரோ, கைலி ராட்ஃபோர்டு ஆகியோரின் குழு நடத்திய ஆய்வில், வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்டபோது 21 விழுக்காடு வந்தது. அங்கே மிகுதியாகக் காணப்பட்ட வகை அல்சைமர். அதாவது, புதிய மருந்துகள் குறிவைக்கும் அதே நோய்.

இந்த எண்களைக் கேட்டவுடன், பூர்வகுடி மக்களின் உடலிலேயே ஏதோ குறை இருக்கிறது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களும் பூர்வகுடிகளே. அவர்களிடையே 60 வயதைக் கடந்தவர்களை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவில், டிமென்ஷியா சுமார் 1 விழுக்காடுதான் இருந்தது. உலகிலேயே மிகக் குறைவான அளவுகளில் அது ஒன்று. கிம்பர்லியில் நோயோடு சேர்ந்து காணப்பட்டவை எவை என்று பார்த்தால் விளங்கும்: பள்ளிக்கே போகாதது, புகைப்பழக்கம், முன்பு வந்த பக்கவாதம், வலிப்பு, தலையில் பட்ட அடி. நியூ சவுத் வேல்ஸில் இன்னொன்றும் சேர்ந்தது. குழந்தைப் பருவத்தில் பட்ட துன்பம் எவ்வளவு அதிகமோ, முதுமையில் டிமென்ஷியா வரும் வாய்ப்பும் அவ்வளவு அதிகமாக இருந்தது.

அந்தக் குழந்தைப் பருவம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மருந்துச் சோதனை தேடுவது எழுபது, எண்பது வயது மனிதரை. ஆஸ்திரேலியாவில் அந்த வயதுடைய அபொரிஜினல் முதியவர், 1910 முதல் 1970 வரை அரசும் திருச்சபை அமைப்புகளும் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக்கொண்டு போன காலத்தில் பிறந்தவர். அவரே பிரிக்கப்பட்டவராக இருக்கலாம். இல்லையென்றால் அக்காவோ தம்பியோ பிரிக்கப்பட்டிருக்கலாம். கனடாவில் 1948 முதல் 1952 வரை, பூர்வகுடிப் பிள்ளைகள் தங்கிப் படித்த ஆறு உறைவிடப் பள்ளிகளில், பெற்றோருக்குத் தெரியாமல் ஊட்டச்சத்துச் சோதனைகள் நடந்தன. ஒரு பள்ளியில், ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படை அளவு வேண்டும் என்பதற்காக, போதாது என்று தெரிந்தே குறைவான பாலை இரண்டு ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். பல்லும் ஈறும் சத்துக் குறைவைக் காட்டும் அளவுகோல்கள் என்பதால் பல் மருத்துவமும் நிறுத்தப்பட்டது. வரலாற்றாய்வாளர் இயன் மாஸ்பி 2013-இல் இதை வெளிக்கொண்டுவந்த பிறகுதான் பொதுமக்களுக்குத் தெரிந்தது. அன்று எட்டு வயதாக இருந்த பிள்ளை இன்று எண்பதைத் தாண்டியவர். ஒப்புதல் படிவத்தை நீட்டி, ‘கட்டுப்பாட்டுக் குழுவில்’, அதாவது மருந்து பெறாமல் ஒப்பீட்டுக்காக இருக்கும் குழுவில், ‘நீங்கள் சேர்க்கப்படலாம்’ என்று இன்று சொல்லப்படுவது அவரிடம்தான். அவர் தயங்கினால் அதை அறியாமை என்றோ அவநம்பிக்கை என்றோ எழுதுகிறோமே, அது எனக்கு ஏற்கவில்லை. அவர் தன் அனுபவத்தை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய காலத்தோடு இது முடிந்துவிடவும் இல்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் மக்கள், தங்களிடையே பரவிவரும் நீரிழிவுக்கு விடை தேடி, 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவில் திருமணம், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. கடைசியாகச் சொன்ன ஆய்வு, தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்ற அவர்களின் நம்பிக்கையையே தொட்டது. 2004-இல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2010-இல் ஏழு லட்சம் டாலர் இழப்பீட்டோடும், மீதமிருந்த ரத்த மாதிரிகளைத் திருப்பித் தருவதோடும் வழக்கு முடிந்தது. இடையில் 2002-இல், நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி அமைப்பான நவஹோ நாடு, தன் எல்லைக்குள் மரபணு ஆய்வே கூடாது என்று தடை விதித்தது. டிமென்ஷியா ஆய்வில் மரபணுச் சோதனை தவிர்க்க முடியாத ஒன்று என்பதால், இந்த வரலாறு நேராக நம் கேள்வியில் வந்து நிற்கிறது. இறந்த பின் மூளையைத் தானமாகக் கேட்பதும் இத்துறையின் வழக்கம். கலிபோர்னியாவின் யாகி மக்களில் கடைசியாக எஞ்சியவர் என்று அறியப்பட்ட இஷி 1916-இல் இறந்தபோது, அவருடைய மூளை எடுக்கப்பட்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டது. உறவுடைய மக்களிடம் அது திரும்பி வந்தது 2000-ஆம் ஆண்டில். மூளை தானம் பற்றிய ஒரு பத்தியைப் படிவத்தின் பதினேழாம் பக்கத்தில் சேர்ப்பவர்கள், கேட்கப்படுகிறவருக்கு அந்தச் சொல் எதையெல்லாம் நினைவூட்டும் என்று ஒரு முறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி கருவிக்கு வருகிறேன். மாற்றம் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. டிமென்ஷியா சோதனைகளில் சேர, நினைவுத் தேர்வு ஒன்றில் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். பெரும்பாலும் பயன்படுவது 1975-இல் வெளியான, 30 மதிப்பெண் கொண்ட ஒரு சிறு தேர்வு. அல்சைமருக்கான புதிய மருந்துகளில் ஒன்றான லெகனெமாப்பின் பெரிய சோதனையில் சேர 22 முதல் 30 வரை வேண்டும்; இன்னொன்றான டொனனெமாப்பின் சோதனைக்கு 20 முதல் 28 வரை. அந்தத் தேர்வு இன்று என்ன தேதி, எந்தப் பருவம் என்று கேட்கிறது. ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறது. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்கிறது. பள்ளிக்கூடமே போகாத, ஆங்கிலம் தன் மூன்றாவது அல்லது நான்காவது மொழியாக உள்ள, ஆண்டை மழைக்காலம், வறண்ட காலம் என்று பிரித்தறியும் ஒரு முதியவர் இதில் குறைந்த மதிப்பெண் வாங்கினால், அது அவருடைய மூளையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நோய் இல்லாதவர் நோயாளி ஆகிறார். நோயின் தொடக்க நிலையில் இருப்பவரோ ‘முற்றிய நிலை’ என்று கணக்கிடப்பட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்.

டினா லோஜுடிஸ், லியான் ஃபிளிக்கர், கேட் ஸ்மித் ஆகியோர் கிம்பர்லி மக்களின் சமூக அமைப்புகளோடும் மொழிபெயர்ப்பாளர்களோடும் சேர்ந்து உருவாக்கி 2006-இல் வெளியிட்ட தேர்வு இதற்கு மாறானது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதைக் கிக்கா என்று அழைப்பார்கள். மொத்தம் 39 மதிப்பெண். தேதியைக் கேட்பதற்குப் பதில், இது ஓய்வூதியப் பணம் வரும் வாரமா என்று அது கேட்கும். சீப்பு, தகரக் குவளை, தீப்பெட்டி ஆகிய கைக்குப் பழகிய பொருள்களைக் காட்டிப் பெயர் கேட்கும். பிறகு அவற்றை எங்கே வைத்தோம் என்று நினைவுபடுத்தச் சொல்லும். ஒரு நிமிடத்தில் தோன்றும் சொற்களைச் சொல்லும்படி கேட்க வேண்டிய இடத்தில், மக்கள் வேட்டையாடிப் பிடிக்கும் விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொல்லும். அளக்கப்படும் திறன்கள் அவையேதான்: நினைவு, கவனம், மொழி, திட்டமிடல். ஆனால் அந்தத் திறன்கள் எங்கே வாழ்கின்றனவோ அங்கே போய் அவற்றைத் தேடுகிறது அந்தத் தேர்வு. குடும்பத்தாரிடம் பேசி அறிவதற்கும் அதில் தனிப் பகுதி உண்டு. நான் மேலே சொன்ன 12.4 விழுக்காடு என்ற கணக்கே இந்தக் கருவி வந்த பிறகுதான் சாத்தியமானது. கருவி இல்லாதவரை நோயும் கணக்கில் இல்லை, ஆய்வும் இல்லை.

கிக்காவை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் இன்னோரிடத்தில் வைக்க முடியாது என்பதும் முக்கியம். கனடாவின் ஹூரான் ஏரியில் உள்ள மனிட்டூலின் தீவில், அனிஷினாபே என்ற பூர்வகுடியின் முதியவர்கள் கிறிஸ்டன் ஜாக்லின், ஜெனிபர் வாக்கர் முதலிய ஆய்வாளர்களோடு உட்கார்ந்து, அதன் ஒவ்வொரு கேள்வியையும் தங்கள் மொழிக்கும் வாழ்க்கைக்கும் ஏற்ப மாற்றியமைத்தார்கள். அந்த வேலைக்குப் பல ஆண்டுகள் ஆயின. 2020-இல் அதன் முடிவு வெளியானது. நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி இனத்தைச் சேர்ந்த உளவியலாளர் மகரேனா டட்லி, நோயின் பெயரிலிருந்தே தொடங்கினார். மாவோரி மொழியில் அதை ‘மாட்டே வாரேவாரே’ என்கிறார்கள். மறந்துபோகும் நோய் என்று பொருள். அதை முழுக்க மூளையின் கேடாக மட்டும் பார்க்காமல், ஆன்ம நலத்தோடும் குடும்பத்தோடும் சேர்த்தே அங்கே புரிந்துகொள்கிறார்கள். தலை என்பது மாவோரிகளுக்குத் தபு, அதாவது புனிதமானதும் எளிதில் தொடக் கூடாததுமான உறுப்பு. மூளை ஸ்கேனும் மூளைத் திசுவும் அவர்களுக்கு வெறும் தொழில்நுட்பச் செய்தி ஆகா. தொடுவதற்கு முன் என்ன சொல்ல வேண்டும், எடுத்ததை எப்படி வைத்திருக்க வேண்டும், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே அவர்களோடு பேசி வகுக்கப்பட வேண்டியவை.

அடுத்தது விலக்கும் விதிகள். இதை மருத்துவர்கள் தவிரப் பலரும் கவனிப்பதில்லை. கதவு உண்மையில் அடைபடுவது இங்கேதான் என்பது என் கருத்து. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவத்தை நீக்கும் புதிய மருந்துகள் மூளையில் வீக்கத்தையும் சிறு ரத்தக் கசிவுகளையும் உண்டாக்கக் கூடியவை. ஆகவே ஸ்கேனில் ஏற்கெனவே நான்குக்கு மேற்பட்ட நுண்கசிவுகள் உள்ளவர்கள் இச்சோதனைகளில் சேர்க்கப்படவில்லை. கட்டுக்குள் வராத உடல்நலக் கோளாறுகள் உள்ளவர்களுக்கும் இடமில்லை. ஒவ்வொரு விதிக்கும் காரணம் உண்டு. ஆபத்திலிருந்து நோயாளியைக் காக்கும் விதிகளைத் தளர்த்துங்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. ஆனால் உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் சிறுநீரகக் கேடும் பக்கவாதமும் பரவலாக உள்ள ஒரு சமூகத்தில், இந்த விதிகளெல்லாம் சேர்ந்து பெரும்பாலானவர்களை வெளியே நிறுத்திவிடுகின்றன. பிறகு மருந்து சந்தைக்கு வரும்போது, யாருக்கு ஆபத்து மிகுதியாக இருக்கக்கூடுமோ அவர்களைப் பற்றித்தான் நமக்கு ஒன்றும் தெரியாமல் போகிறது.

இதற்கு மாற்றுவழி, முதன்மைச் சோதனைக்கு அருகிலேயே, நீரிழிவும் மிதமான சிறுநீரகக் குறைபாடும் உள்ளவர்களுக்கென்று நெருக்கமான கண்காணிப்போடு தனிப் பிரிவொன்றை முதலிலேயே திட்டமிடுவது. ரத்தப் பரிசோதனைகளைப் பற்றியும் இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பெட் ஸ்கேனுக்கும் முதுகுத் தண்டுநீர் எடுப்பதற்கும் பெருநகரம் போக வேண்டியிருந்த நிலையில், ரத்தத்தில் உள்ள டௌ புரதத்தின் வகை ஒன்றை அளந்தே அல்சைமரைக் கணிக்கும் சோதனைகள் இப்போது வந்துவிட்டன. அமெரிக்காவில் 2025 மே மாதம் அப்படியொன்றுக்கு அனுமதியும் கிடைத்தது. தொலைதூர ஊர்களுக்கு இது பெரிய வரம் என்று பலரும் மகிழ்கிறார்கள், நானும் மகிழ்கிறேன். ஆனால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு, மூளையில் நோய் இல்லாவிட்டாலும் அந்தப் புரதத்தின் அளவு ரத்தத்தில் ஏறியிருக்கும். சிறுநீரக நோய் மிகுந்த சமூகத்தில், வேறு மக்களிடம் வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே வைத்தால், நோயற்றவர்களுக்கும் நோய்ப் பெயர் சூட்டிவிடுவோம். 1975-ஆம் ஆண்டுத் தேர்வில் செய்த தவறை ரத்தக் குழாயில் மறுபடி செய்வதாகிவிடும் அது.

எத்தனை பேர் சேர்ந்தால் போதும் என்று சிலர் கேட்பதுண்டு. மக்கள் தொகையில் உள்ள விகிதமே சோதனையிலும் இருக்க வேண்டும் என்பது வழக்கமான பதில். கணக்குப் போட்டுப் பாருங்கள். லெகனெமாப் சோதனையில் இருந்தவர்கள் 1,795 பேர். மக்கள் தொகையில் ஒரு விழுக்காடாக உள்ள சமூகம் என்றால் 18 பேர். மருந்துக்கு ஒன்பது, வெற்று மருந்துக்கு ஒன்பது. மொத்தச் சோதனையில் 18 மாதங்களில் காணப்பட்ட வேறுபாடோ நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் 0.45 புள்ளிதான். ஒன்பது பேரை வைத்து அதில் எதையும் சொல்ல முடியாது. விகிதாசாரம் அறிக்கைக்கு அழகு சேர்க்கலாம். மருந்து இந்த மக்களிடம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு விடை தராது. விடை வேண்டுமென்றால் விகிதத்துக்கு மேல் சேர்க்க வேண்டும், அல்லது பல நாடுகளின் சமூகங்கள் தங்களுக்குள் உடன்பட்டுப் பொதுவான முறையில் நடத்தும் தனிச் சோதனைகள் வேண்டும். அமெரிக்காவில் 1993-இல் சிறுபான்மையினரைச் சேர்ப்பது பொதுப் பண ஆய்வுகளுக்குச் சட்டமாயிற்று. 2022 இறுதியில் மருந்து நிறுவனங்கள் பல தரப்பினரையும் சோதனையில் சேர்ப்பதற்கான பன்மைத் திட்டம் தர வேண்டும் என்றும் சட்டம் வந்தது. இரண்டும் தேவையானவையே. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் சட்டம் ஒன்பது பேரோடு மனநிறைவு அடைந்துவிடக் கூடும் என்பதுதான் என் கவலை.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் 2010-இல் தொடங்கிய நெடுங்கால முதியோர் ஆய்வில், மாவோரி அல்லாதவர்களை 85 வயதில் சேர்த்தார்கள். மாவோரிகளை 80 முதல் 90 வரை சேர்த்தார்கள். அந்த வயதை எட்டும் மாவோரிகள் குறைவு என்பதால் எல்லோருக்கும் ஒரே வயது வைத்தால் போதிய பேர் கிடைக்க மாட்டார்கள். ஆஸ்திரேலிய அரசின் முதியோர் சேவைகளும் பூர்வகுடி மக்களுக்கு 65-க்குப் பதில் 50-இலேயே திறக்கின்றன. 60 வயதில் தொடங்கும் மருந்துச் சோதனை இந்த உண்மையைப் பார்க்கத் தவறுகிறது.

அன்றாட நடைமுறைத் தடைகள் உங்களுக்கே தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். கிம்பர்லியின் புரூம் நகரிலிருந்து பெர்த் சாலை வழியே சுமார் 2,200 கிலோமீட்டர். லெகனெமாப் சோதனையில் மருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றப்பட்டது. சமூகத்தில் சாவு விழுந்தால் நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில், துக்கச் சடங்குகள் நடக்கும். உறவினர் எல்லோரும் அங்கே இருந்தாக வேண்டும். அந்த நாளில் வராதவரை ‘விதிமீறல்’ என்று பதிவு செய்யும் அட்டவணை அங்கே செல்லுபடியாகாது. சோதனையில் சேரும் ஒவ்வொருவருக்கும் அவரை நன்கறிந்த ஒரே ‘துணைவர்’ பெயர் கேட்கப்படுகிறது. பாட்டியை மகளும் பேத்தியும் தங்கையின் பிள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் அந்த ஒருவர் யார்? பெண்களின் காரியங்களை ஆணிடமும் ஆண்களின் காரியங்களைப் பெண்ணிடமும் பேசாத இடங்களில், யார் யாரைப் பரிசோதிக்கிறார்கள் என்பதும் முடிவைப் பாதிக்கும். இன்னும் ஆழமான ஓர் அச்சம் உண்டு. ‘மறதிநோய்’ என்று எழுதிவிட்டால் தன்னைத் தன் மண்ணிலிருந்து பிரித்துத் தொலைவிலுள்ள முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் அது. சிறுவயதில் ஒரு முறை அப்படிப் பிரிக்கப்பட்டவருக்கு அது கற்பனை ஆகாது.

ஒப்புதலும் உரிமையும் சேர்ந்தே பேச வேண்டியவை. தனிமனிதரின் கையொப்பம் கட்டாயம் வேண்டும். ஆனால் முதலில் சமூகத்தின் ஒப்புதல் வேண்டும். கனடாவின் முதல் குடிகள் 1998-இல் வகுத்த கொள்கை, தங்களைப் பற்றிய தரவுகளின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் ஆகிய நான்கும் தங்களுக்கே என்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் 2018-இல் வெளியிட்ட நெறிமுறையில், பரஸ்பரம் கொடுத்து வாங்குதல் அடிப்படை மதிப்பீடுகளில் ஒன்றாக இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் அபொரிஜினல் மக்களின் சொந்த அறநெறிக் குழு இத்தகைய ஆய்வுகளைப் பரிசீலிக்கிறது. இவையெல்லாம் ஆய்வைத் தாமதப்படுத்தும் தடைகள் என்று முணுமுணுப்பவர்களுக்கு, அமெரிக்காவின் ‘ஸ்ட்ராங் ஹார்ட்’ ஆய்வைக் காட்டுவேன். அரிசோனா, ஒக்லஹோமா, டகோட்டா பகுதிகளில் 13 பழங்குடி இனங்களோடு 1988-இல் தொடங்கிய இதய நோய் ஆய்வு அது. இனங்களின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கட்டுரையும் வெளியாவதில்லை. ஒரு சமூகம் பின்னாளில் விலகியபோது அதன் தரவுகள் பகுப்பாய்வுகளிலிருந்து நீக்கப்பட்டன. இருபது ஆண்டுகள் அப்படி நடந்துகொண்ட பிறகு, 2010 முதல் 2013 வரை மூளை ஸ்கேனுக்கும் நினைவுத் தேர்வுக்கும் அழைத்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் வந்தார்கள். பின்னர் அவர்களில் சிலரை மீண்டும் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட முடிவு, 72 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சிந்தனைத் திறனில் ஏதேனும் குறைபாடு இருப்பதைக் காட்டியது. ‘இந்த மக்கள் ஆய்வுக்கு வர மாட்டார்கள்’ என்ற பேச்சுக்கு இதற்கு மேல் மறுப்பு வேண்டாம்.

எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதிலும் முடிவு அவர்களுடையதாக இருந்தால், சோதனையின் வடிவமே மாறுகிறது. கிம்பர்லியில் கணக்கெடுப்பு முடிந்தவுடன் ஆய்வாளர்கள் கிளம்பிவிடவில்லை. லூமா என்ற சிற்றூரில், முதியவர்களையும் உடல் இயலாதவர்களையும் ஊரிலேயே வைத்துப் பராமரிக்கும் ‘லுங்குர்ரா நூரா’ என்ற சேவையை ஊர் மக்களோடு சேர்ந்து முயன்று பார்த்தார்கள். பின்னர் வந்த ‘லெட்ஸ் சாட் டிமென்ஷியா’ சோதனை, அபொரிஜினல் மக்களே நடத்தும் 12 மருத்துவ நிலையங்களில், நினைவுக் குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிந்து கவனிக்கும் முறையைச் சோதித்தது. அதில் எந்த நிலையமும் கடைசி வரை ஒப்பீட்டுக்காகக் காத்திருக்கும் பக்கத்தில் விடப்படவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எல்லா நிலையங்களுக்கும் புதிய முறை போய்ச் சேரும்படி வரிசை அமைத்தார்கள். அறிவியலின் கண்டிப்பும் குறையவில்லை, பால் மறுக்கப்பட்ட பள்ளியின் நினைவும் கிளறப்படவில்லை. பெர்த் நகரில் டான் பெசரப் முதலியோர் முன்னெடுத்த இன்னொரு சோதனை, உடற்பயிற்சியையும் இதய ஆபத்துகளைக் குறைப்பதையும் ஒன்றாகச் சேர்த்து டிமென்ஷியாவைத் தடுக்க முயல்வது. ‘யார்னிங்’ எனப்படும் அவர்கள் மரபின் உரையாடல், அதாவது அவசரப்படாமல் உட்கார்ந்து கதையாகப் பேசிக்கொள்வது, முறையான ஆய்வு வழியே என்பதை 2010-இல் எழுதிக் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

தடுப்பு ஆய்வுகளே பூர்வகுடி மக்களுக்குப் போதும், விலையுயர்ந்த மருந்துச் சோதனை அவர்களுக்கு எதற்கு என்ற எண்ணமும் மெல்ல வளர்ந்துவருகிறது. அதை நான் வன்மையாக மறுக்கிறேன். நியூ சவுத் வேல்ஸில் மிகுதியாக இருந்தது அல்சைமர்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்க வேண்டும். மற்றவர்கள் தேர்ந்தெடுத்துத் தரக் கூடாது.

ஆகவே, துண்டறிக்கைக்கும் பயணப்படிக்கும் ஒதுக்கும் பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்று கேட்டால், சோதனை தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் என்பேன். நிதி தரும் அமைப்புகள் அந்தக் காலத்துக்குப் பணம் தருவது அரிது. முதல் நோயாளி சேர்ந்த நாளிலிருந்துதான் அவர்களின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அந்தக் காலத்தில்தான் கருவி சரிபார்க்கப்பட வேண்டும், விலக்கும் விதிகள் ஊர்ப் பெரியவர்களோடும் உள்ளூர் மருத்துவர்களோடும் விவாதிக்கப்பட வேண்டும், ரத்தத்துக்கான ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். 1971-இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கிய முதல் அபொரிஜினல் மருத்துவ நிலையத்தின் வழியில் இன்று ஆஸ்திரேலியாவெங்கும் 140-க்கும் மேற்பட்ட சமூக நிலையங்கள் இயங்குகின்றன. பெரிய மருத்துவமனை ஆள் பிடித்துத் தரச் சொல்லும் கிளைகளாக அவற்றைப் பயன்படுத்தாமல், சோதனையின் மையங்களாக அவற்றையே பதிவு செய்து, செவிலியரும் ஒருங்கிணைப்பாளரும் அங்கேயே நிலையான ஊதியத்தில் இருக்கும்படி செய்ய முடியும். முதன்மை ஆய்வாளரும் அங்கிருந்தே வர வேண்டும். அதற்குப் பூர்வகுடி மாணவர்கள் இத்துறையில் முனைவர் பட்டம் வரை செல்லும் வழிக்கும் இதே நிதியில் பங்கு வேண்டும்.

டொனனெமாப் 2025 மே மாதம் ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்றுவிட்டது. கிம்பர்லியிலோ நியூ சவுத் வேல்ஸின் கெம்ப்சி ஊரிலோ உள்ள ஒரு முதியவருக்கு அதைப் பரிந்துரைக்கும் மருத்துவர், அவரைப் போன்ற ஒருவரும் ஏறத்தாழ இல்லாத சோதனையை நம்பித்தான் பரிந்துரைக்க வேண்டியிருக்கும். எனவே இனி வரப்போகும் சோதனைகளுக்காகக் காத்திராமல், இந்த மருந்தைப் பெறும் ஒவ்வொரு பூர்வகுடி நோயாளியின் ஸ்கேனையும் சிறுநீரக நிலையையும் பக்கவிளைவுகளையும் அவருடைய சமூகத்தின் மருத்துவ நிலையமே தன் பொறுப்பில் பதிந்து வைத்து, யாரோடு பகிர்வது என்பதையும் அதுவே முடிவு செய்யும் ஏற்பாடு ஒன்று உடனே வேண்டும். அதற்கான ஒப்பந்தம் அங்கே முதல் ஊசி போடப்படுவதற்கு முன்பே கையொப்பமாகியிருக்க வேண்டும்.